உண்மையைச் சொன்னால் அடிக்க மாட்டேன்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உங்கள் நாளிதழில் குழந்தை வளர்ப்பைப் பற்றி வருகிற எதையும் நான் விடாமல் படித்துவிடுவேன். 19 ஆண்டுகளாகத் தொடக்கப்பள்ளியில் சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறேன். வீட்டில் 14 வயதில் ஒரு மகன், 7 வயதில் ஒரு மகள். அதனால் இந்த விஷயம் எனக்குப் பிழைப்பும்தான், வாழ்க்கையும்தான்.

படித்து முடிக்கும்போதெல்லாம் ஏதோ ஒன்று விட்டுப்போன மாதிரியே இருக்கும். பிள்ளை புத்திசாலியாக வளர என்ன செய்யலாம், சொல்பேச்சு கேட்க வைப்பது எப்படி என்று எழுதுகிறவர்கள் எல்லாருமே பிள்ளையிடம் எதைத் திருத்துவது என்றுதான் எழுதுகிறார்கள். நேரத்தோடு தூங்க வையுங்கள், போனைக் கையில் கொடுக்காதீர்கள், தினம் கொஞ்சம் படிக்கப் பழக்குங்கள். சரி, இவையெல்லாம் தேவைதான், மறுக்கவில்லை. 6 முதல் 12 வயது வரை உள்ள பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டும். 2 முதல் 4 வயது வரை திரை பார்ப்பது ஒரு மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனமே 2019ல் சொல்லிவிட்டது. ஆனால் பெரியவர்கள் வாயிலிருந்து வருகிற சொல்லைப் பிள்ளை நம்பலாமா, நம்பக் கூடாதா? இதை மட்டும் யாரும் எழுதக் காணோம். என்னைக் கேட்டால் முதலில் எழுத வேண்டியது இதைத்தான்.

எட்டு ஆண்டுகளுக்கு முன் நடந்தது. மகனுக்கு அப்போது 6 வயது. தாத்தாவின் மூக்குக்கண்ணாடியைக் காணவில்லை. இரண்டு நாள் வீடு முழுக்கத் தேடினோம், அவனும் எங்களோடு சேர்ந்து கட்டிலுக்கு அடியிலெல்லாம் குனிந்து பார்த்தான். மூன்றாம் நாள் துவைப்பதற்காக அவன் தலையணை உறையைக் கழற்றினேன். உள்ளே ஒரு கைக்குட்டை, நாலு முனையையும் சேர்த்து முடிச்சுப் போட்டது. அதற்குள் கண்ணாடி இருந்தது. காதில் மாட்டுகிற கம்பி ஒன்று ஒடிந்து தனியாக வந்திருந்தது, அதையும் பத்திரமாகப் பக்கத்திலேயே வைத்திருந்தான். அந்த முடிச்சை அவிழ்க்க நான் பல்லை வைத்துக் கடிக்க வேண்டியிருந்தது, அவ்வளவு இறுக்கமாகப் போட்டிருந்தான்.

கூப்பிட்டேன். "பயப்படாதே கண்ணா, உண்மையைச் சொன்னா அம்மா அடிக்க மாட்டேன்" என்றேன். கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். அப்புறம் சொன்னான். தாத்தா மாதிரியே போட்டுக்கொண்டு பேப்பர் படித்துப் பார்த்தானாம், கழற்றும்போது கைதவறிக் கீழே விழுந்ததாம், எடுக்கக் குனிந்தபோது அவன் காலே அதை மிதித்துவிட்டதாம். ஒன்று விடாமல் சொன்னான். நான் அடித்துவிட்டேன். இரண்டு நாளாகத் தேடிய அலுப்பு, எங்களோடு சேர்ந்து தேடுவது போல நடித்தானே என்ற கோபம், எல்லாம் சேர்ந்து கை ஓங்கிவிட்டது. "சொன்னா அடிக்க மாட்டேன்னு சொன்னியே அம்மா" என்றான், ஒரே ஒரு தடவை. அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு ஓராண்டுக்கு மேல் அந்தப் பிள்ளையிடமிருந்து எனக்கு எந்தச் செய்தியும் வரவில்லை. தண்ணீர் பாட்டில் எங்கே என்றால் தெரியாது. சட்டை எப்படிக் கிழிந்தது என்றால் தெரியாது. முழங்காலில் சிராய்ப்பு ஏது என்றால் அதுவும் தெரியாது. வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு அவன் ரொம்ப சமர்த்து, எதிர்த்து ஒரு வார்த்தை பேசாத பிள்ளை, எங்கே உட்கார வைத்தாலும் உட்கார்ந்திருப்பான். பாராட்டினார்கள். எனக்கு மட்டும்தான் வயிறு கலங்கியது.

இந்த 'சமர்த்து' என்ற சொல்லைப் பற்றி நான் நிறைய யோசித்திருக்கிறேன். சமர்த்து என்றால் திறமை, ஒரு காரியத்தைத் தானே செய்துமுடிக்கிற ஆற்றல். அவன் சமர்த்துக்கு அவன் பிழைத்துக்கொள்வான் என்று பெரியவர்களைப் பற்றிச் சொல்கிறோமே, அந்தப் பொருள். அதே சொல்லைக் குழந்தையிடம் கொண்டுபோனதும் பொருள் சுருங்கிவிடுகிறது. "சமர்த்தா உட்காரு" என்றால் ஆடாதே, அசையாதே, வாயைத் திறக்காதே. அறிவும் நல்ல குணமும் ஒரே சொல்லுக்குள் இருக்கிற அருமையான மொழி நம்முடையது, அதை நாம் 'எனக்குத் தொந்தரவு தராதே' என்பதற்குப் பயன்படுத்திக்கொண்டிருக்கிறோம்.

பயந்த பிள்ளை ஒழுக்கமான பிள்ளை ஆகிவிடாது என்பதை நான் வீட்டில் பட்டுத் தெரிந்துகொண்டேன். ஆய்வு செய்தும் பார்த்திருக்கிறார்கள். விக்டோரியா தல்வார், காங் லீ என்ற இரண்டு உளவியலாளர்கள் 2011ல் வெளியிட்ட ஆய்வு அது. மேற்கு ஆப்பிரிக்காவில் இரண்டு பள்ளிகள். ஒன்றில் பென்சில் கொண்டுவர மறந்தால்கூட அடி, இன்னொன்றில் அடி கிடையாது, கண்டிப்பதோடு சரி. 3, 4 வயதுப் பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, முதுகுக்குப் பின்னால் ஒரு பொம்மையை வைத்து, திரும்பிப் பார்க்காதே என்று சொல்லிவிட்டு வெளியே போனார்கள். இரண்டு பள்ளியிலும் பெரும்பாலான பிள்ளைகள் திரும்பிப் பார்த்துவிட்டார்கள், குழந்தை என்றால் பார்க்கத்தானே செய்யும். பார்த்தாயா என்று கேட்டபோதுதான் வித்தியாசம் தெரிந்தது. அடி விழுகிற பள்ளிப் பிள்ளைகளே அதிகமாகப் பொய் சொன்னார்கள், அதுவும் மாட்டிக்கொள்ளாமல், கேட்பவர் நம்பும்படி சொன்னார்கள். அடி அந்தப் பிள்ளைகளைத் திரும்பிப் பார்க்காமல் இருக்க வைக்கவில்லை. பொய்யைத் திறமையாகச் சொல்லத்தான் கற்றுக்கொடுத்திருந்தது. இதைப் படித்த அன்று எனக்கு அந்தக் கைக்குட்டை முடிச்சுதான் ஞாபகம் வந்தது. 6 வயதில் அவ்வளவு இறுக்கமாக முடிச்சுப் போட யார் கற்றுக்கொடுத்தார்கள்?

"நாங்களும் அடி வாங்கி வளர்ந்தவங்கதான், கெட்டா போயிட்டோம்" என்று பெற்றோர்கள் என்னிடம் சொல்வதுண்டு. அவர்கள் நல்லவர்கள்தான், சந்தேகமில்லை. ஆனால் 2016ல் எலிசபெத் கெர்ஷாஃப் என்பவர் இன்னொருவரோடு சேர்ந்து, ஐம்பது ஆண்டுகளில் வந்த ஆய்வுகளை ஒன்றாகத் திரட்டி 1,60,000க்கும் அதிகமான பிள்ளைகளின் விவரங்களைப் பார்த்திருக்கிறார். அதிகம் அடிபட்ட பிள்ளைகளிடம் முரட்டுத்தனமும் மன வேதனையும் கூடுதலாக இருந்தன, சொல்பேச்சு கேட்பது கூடியதாகத் தெரியவில்லை. ஸ்வீடன் 1979லேயே வீட்டில்கூடப் பிள்ளையை அடிக்கக் கூடாது என்று சட்டம் போட்டுவிட்டது. இதற்கு மேல் இதில் நான் சொல்ல ஒன்றுமில்லை.

அடியைவிட நான் அதிகம் கவலைப்படுவது, தப்பு என்றே யாருக்கும் தோன்றாத சின்னச் சின்னப் பொய்களைப் பற்றித்தான். போன் வந்தால் "அப்பா வீட்ல இல்லைன்னு சொல்லு". ஊசி போடப் போகும்போது "வலிக்கவே வலிக்காது". அழுதால் "போலீஸ்காரர் வந்து பிடிச்சுட்டுப் போயிடுவார்". எழுந்து வர அடம்பிடித்தால் "அப்போ நீ இங்கேயே இரு, நான் போறேன்". ஒன்றைக் கேட்டு நச்சரித்தால் "நாளைக்குக் கண்டிப்பா வாங்கித் தரேன்". இவற்றையெல்லாம் பொய் என்று நாம் எண்ணுவதே இல்லை, பிள்ளையைச் சமாளிப்பது என்று நினைக்கிறோம். ஆனால் பிள்ளை கணக்கு வைத்துக்கொள்கிறது.

ஒவ்வொரு ஆண்டும் பள்ளி திறந்த முதல் வாரம் நான் வாசலில் நின்று பார்ப்பது இது. புதிதாகச் சேர்ந்த பிள்ளை அழும். அம்மாவோ அப்பாவோ "அழாதே, நான் இங்கேதான் வெளியில உட்கார்ந்திருக்கேன்" என்று சொல்வார்கள். பிள்ளை பொம்மைப் பக்கம் திரும்பிய நேரம் பார்த்து நழுவிவிடுவார்கள். அழுகையைப் பார்க்க மனசு கேட்காமல்தான் அப்படிச் செய்கிறார்கள், எனக்குப் புரிகிறது. ஆனால் பத்து நிமிஷம் கழித்து அந்தப் பிள்ளை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எம்பி எம்பிப் பார்க்குமே, வெளியில் காலியான பெஞ்ச் மட்டும் இருக்குமே, அந்த முகத்தை அந்தப் பெற்றோர் பார்த்ததில்லை, நான் பார்த்திருக்கிறேன். ஒரு பையன் அதற்குப் பிறகு மூன்று வாரம் பையைத் தோளிலிருந்து இறக்கவே இல்லை. வரைய உட்கார்ந்தாலும் பை முதுகில், தூங்கப் படுத்தாலும் பை முதுகில். யாரையும் நம்பிக் கீழே வைக்க அவன் தயாராக இல்லை. "நான் இப்ப வேலைக்குப் போறேன், கடைசி மணி அடிச்சதும் இதே கதவுக்கு வருவேன்" என்று நேராகச் சொல்லிவிட்டுப் போகிறவர்களின் பிள்ளைகளும் அழத்தான் செய்வார்கள், முதலில் இன்னும் சத்தமாகக்கூட அழுவார்கள். ஆனால் சொன்னபடி மூன்று நாள் அந்தக் கதவுக்கு அம்மா வந்து நின்றால் போதும், நாலாம் நாள் பிள்ளை விளையாடப் போய்விடும். அழாமல் இருக்க வைப்பது வேறு, நிம்மதியாக இருக்க வைப்பது வேறு.

இதையும் ஆய்ந்திருக்கிறார்கள். 2014ல் வந்த ஒரு அமெரிக்க ஆய்வில், 3 முதல் 7 வயதுப் பிள்ளைகள் 186 பேர். சிலரிடம் மட்டும் "பக்கத்து அறையில் நிறைய மிட்டாய் இருக்கு, வா" என்று அழைத்து வந்து, வந்த பிறகு "அப்படி எதுவும் இல்லை, உன்னை விளையாட வரவைக்கத்தான் சொன்னேன்" என்றார்கள். அதோடு விட்டார்கள். பிறகு அதே மாதிரி, பொம்மையைத் திரும்பிப் பார்க்காதே என்ற சோதனை. 5 வயதும் அதற்கு மேலும் உள்ள பிள்ளைகளில், பொய் சொல்லப்படாதவர்களில் திரும்பிப் பார்த்தவர்கள் கிட்டத்தட்ட 60 சதவீதம், பொய் சொல்லப்பட்டவர்களில் 80 சதவீதம். அப்படிப் பார்த்தவர்களில் பார்க்கவே இல்லை என்று சாதித்தவர்கள் முதல் கூட்டத்தில் 60 சதவீதம், இரண்டாவது கூட்டத்தில் கிட்டத்தட்ட 90 சதவீதம். முன்பின் தெரியாத ஒருவர் சொன்ன ஒரே ஒரு மிட்டாய்ப் பொய்க்கு இவ்வளவு. நாம் ஒரு நாளைக்கு எத்தனை சொல்கிறோம்?

சரி, குணத்துக்கு இது பொருந்தும், அறிவுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். நிறைய சம்பந்தம் இருக்கிறது.

மார்ஷ்மெல்லோ சோதனை என்று அடிக்கடி எழுதுவார்கள், உங்கள் வாசகர்களும் படித்திருப்பார்கள். வால்டர் மிஷெல் என்ற உளவியலாளர் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் தொடங்கி வைத்தது. மேசையில் ஒரு இனிப்பை வைத்து, இப்போதே சாப்பிட்டால் ஒன்று, நான் வரும் வரை பொறுத்திருந்தால் இரண்டு என்று சொல்லிவிட்டுப் போவார்கள். பொறுத்த பிள்ளைகள் பின்னாளில் நன்றாகப் படித்தார்கள் என்று கண்டதும், பொறுமைதான் புத்திசாலித்தனத்தின் அடையாளம், அதைப் பயிற்சி கொடுத்து வளருங்கள் என்று எல்லாரும் கிளம்பிவிட்டார்கள். 2018ல் இன்னும் நிறையப் பிள்ளைகளை வைத்துப் பார்த்தபோது, குடும்பப் பின்னணியைக் கணக்கில் எடுத்துக்கொண்டால் அந்தத் தொடர்பு மிகவும் சுருங்கிவிடுகிறது என்று தெரிந்தது. ஆனால் எனக்கு முக்கியமாகப் படுவது 2013ல் ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் செலஸ்ட் கிட் என்பவர் செய்த சிறிய ஆய்வு. 28 பிள்ளைகள்தான். இனிப்பைக் காட்டுவதற்கு முன்னால் படம் வரைய உட்கார வைத்தார்கள். மேசையில் தேய்ந்துபோன பழைய வண்ணக்குச்சிகள். "கொஞ்சம் இரு, புதுசா நல்லதா கொண்டுவரேன்" என்று ஒருவர் போவார். பாதிப் பிள்ளைகளுக்கு அவர் சொன்னபடியே கொண்டுவந்து கொடுத்தார். மற்ற பாதிக்கு வெறுங்கையோடு வந்து, "மன்னிச்சுக்கோ, இல்லை போலிருக்கு, இதையே வெச்சுக்கோ" என்றார். ஸ்டிக்கருக்கும் அதே கதை. அதன் பிறகுதான் இனிப்பு. சொன்ன வாக்கைக் காப்பாற்றியவர் முன்னால் இருந்த பிள்ளைகள் சராசரியாக 12 நிமிஷம் பொறுத்திருந்தார்கள், 14 பேரில் 9 பேர் முழு 15 நிமிஷமும் தொடவில்லை. ஏமாந்த பிள்ளைகள் சராசரி 3 நிமிஷம்தான், கடைசி வரை பொறுத்தது ஒரே ஒரு பிள்ளை.

அந்த 3 நிமிஷப் பிள்ளைகளை அவசரக்காரர்கள், அடக்கமில்லாதவர்கள் என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்கே போவேன். இரண்டு தடவை ஏமாற்றியவர் மூன்றாம் தடவை கொண்டுவருவார் என்று எதற்கு நம்ப வேண்டும்? அவர்கள் செய்ததுதான் புத்திசாலித்தனம். படிப்பு என்பதே ஒரு நீண்ட காத்திருப்பு, இன்றைக்குக் கஷ்டப்பட்டு எழுதிப் பழகினால் பின்னால் ஒரு நன்மை வரும் என்று யாரோ ஒரு பெரியவர் சொல்வதை நம்பி உட்கார்வது. நாளைக்கு என்ற சொல்லுக்கே மதிப்பில்லாத வீட்டில் வளர்கிற பிள்ளை எதை நம்பி உட்காரும்?

என் மகள் மணி பார்க்கக் கற்றுக்கொண்ட புதிதில் நடந்ததைச் சொல்கிறேன். அவளுக்கு 5 வயது. நான் போனில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தேன், அவள் கையில் ஒரு தாளோடு வந்து நின்றாள். "ஒரு நிமிஷம்" என்றேன். அவள் அங்கேயே நின்று முணுமுணுவென்று ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து "அம்மா, அறுபது ஆயிடுச்சு" என்றாள். நான் நிமிராமலே "இன்னும் ஒரு நிமிஷம்டா" என்றேன். மறுபடியும் எண்ணினாள். அப்புறம் தாளை என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். பிறகு எடுத்துப் பார்த்தால், கடிகாரம் ஒன்றை வரைந்து 12 எண்களையும் எழுதியிருக்கிறாள், யாரும் சொல்லிக்கொடுக்காமல் தானே செய்த முதல் கடிகாரம். அவள் எண்ணியது சரி. நான் சொன்ன நிமிஷம்தான் தப்பு. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் சும்மா ஒரு நிமிஷம் என்று சொல்வதில்லை. இந்தப் பக்கம் முடியட்டும், இந்தப் பாத்திரம் கழுவி முடியட்டும் என்று கண்ணுக்குத் தெரிகிற எதையாவது சொல்வோம், முடிந்ததும் திரும்பிவிடுவோம்.

பாராட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. பிள்ளையை 'நீ அறிவாளி, நீ அறிவாளி' என்று சொல்லி வளர்த்தால் தன்னம்பிக்கை வரும் என்று நானும் நம்பியவள்தான். மகன் 9 வயதில் ஒரு கணக்குத் தேர்வுத் தாளில் 38 என்பதை 88 ஆக்கிக்கொண்டு வந்தான். சிவப்புப் பேனா கிடைக்காமல் ஆரஞ்சு நிற ஸ்கெட்ச் பேனாவால் 3இன் இடது பக்கத்தை மூடியிருந்தான். ஏன்டா என்று கேட்டதற்கு அவன் சொன்ன பதில், "எல்லார்கிட்டயும் நான் கணக்குல புலின்னு சொல்லியிருக்கியே". கிளாடியா மியூலர், கரோல் டுவெக் இருவரும் 1998ல் வெளியிட்ட ஆய்வில் அச்சு அசல் இதேதான். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் சிலரை, நீ புத்திசாலி, அதனால் நன்றாகச் செய்தாய் என்றும், சிலரை, நன்றாக முயற்சி செய்தாய் என்றும் பாராட்டினார்கள். பிறகு கடினமான புதிர்களைக் கொடுத்துத் தோற்க வைத்தார்கள். கடைசியில், பெயர் போடாமல் வேறொரு பள்ளிப் பிள்ளைகளுக்கு உன் மதிப்பெண்ணை எழுது என்றபோது, புத்திசாலி என்று பாராட்டப்பட்டவர்களில் பத்தில் கிட்டத்தட்ட நாலு பேர் கூட்டி எழுதினார்கள். முயற்சிக்காகப் பாராட்டப்பட்டவர்களில் பத்தில் ஒருவரை விடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். இதைப் பிடித்துக்கொண்டு பின்னால் பெரிய பெரிய பயிற்சித் திட்டமெல்லாம் வந்தது, அவற்றின் பலன் சொல்லிக்கொள்ளும்படி பெரிதாக இல்லை என்றும் பிறகு தெரிந்தது, அது வேறு கதை. ஆனால் ஒரு பெயரைச் சுமக்க வைத்துவிட்டு, அந்தப் பெயரைக் காப்பாற்றப் பிள்ளை பொய் சொன்னால் தப்பு யாருடையது என்று அன்றைக்கு நான் உட்கார்ந்து யோசித்தேன்.

அன்று அடிக்கவில்லை. தாளைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன், பேசினால் குரல் உயர்ந்துவிடும் என்று பயமாக இருந்தது. அப்புறம் மூன்று வருஷத்துக்கு முந்தைய அந்தக் கண்ணாடியைப் பற்றிப் பேசினேன். "அன்னைக்கு அடிக்க மாட்டேன்னு சொல்லிட்டு அடிச்சேன். அது பொய். நீ செஞ்சது கைதவறி நடந்தது, நான் செஞ்சதுதான் பெரிய தப்பு. மன்னிச்சுடு" என்றேன். அவன் மறந்திருப்பான் என்று நினைத்திருந்தேன். "நீ கண்ணாடியை மேசையில வெச்சுட்டு இடது கையால அடிச்ச" என்றான். எந்தக் கை என்பது வரை ஞாபகம் வைத்திருக்கிறான். பிறகு இருவரும் உட்கார்ந்து அந்த 38க்கு எந்தெந்தக் கணக்குத் தப்பானது என்று பார்த்தோம். வகுத்தலில் மீதியை எங்கே எழுதுவது என்றே அவனுக்குப் பிடிபட்டிருக்கவில்லை, இரண்டு மாதமாக. புலி என்று பெயர் வாங்கியவன் எப்படிப் போய்த் தெரியாது என்று கேட்பான்? மறுநாள் அவனே ஆசிரியரிடம் தாளைக் கொண்டுபோய்க் காட்டிச் சொல்ல வேண்டும் என்று நான் விடாப்பிடியாக நின்றேன், அவன் அழுதான், நானும் கூடப் போனேன், ஆனால் சொன்னது அவன்தான்.

இதைச் சொல்லக் காரணம், நான் சொல்வது செல்லம் கொடுப்பது என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. பிள்ளைக்கு 'இல்லை' தேவை. ஆனால் அந்த இல்லை, இல்லையாகவே நிற்க வேண்டும். காலையில் இல்லை, அழுதால் சரி, விருந்தாளி முன்னால் அழுதால் உடனே சரி என்று மாறினால் பிள்ளை அழக் கற்றுக்கொள்ளும், அது அதன் அறிவு. நிறைவேற்ற முடியாத மிரட்டலும் அப்படித்தான். இனிமே உன்கூடப் பேசவே மாட்டேன் என்று சொல்லிவிட்டு அடுத்த அரை மணியில் பேசுகிறோம், பேசாமல் இருக்கவும் முடியாது, இருக்கவும் கூடாது. அப்படியிருக்க எதற்குச் சொல்வது? சொன்னால் செய்யக்கூடியதை மட்டும் சொல்வது என்று வைத்துக்கொண்டால் நம் பேச்சு பாதியாகக் குறைந்துவிடும், வீட்டில் சத்தமும் குறையும்.

ஒழுக்கம் வரட்டும் என்று நாம் சொல்லும் கதைகளைப் பற்றியும் காங் லீ, தல்வார் குழுவினர் 2014ல் பார்த்திருக்கிறார்கள். பொய் சொன்னால் மூக்கு நீளும் பினோக்கியோ கதை, நம் ஊர்களில் புலி வருது புலி வருது என்று சொல்வோமே அந்த மாதிரியான ஓநாய்க் கதை, இரண்டும் பிள்ளைகள் உண்மை சொல்வதைக் கூட்டவில்லை. அமெரிக்காவின் முதல் ஜனாதிபதி ஜார்ஜ் வாஷிங்டன் சின்ன வயதில் மரத்தை வெட்டியதை ஒத்துக்கொண்டு அப்பாவிடம் பாராட்டு வாங்குகிற கதைதான் வேலை செய்தது. அந்த வாஷிங்டன் கதை உண்மையில் நடந்ததில்லை, பின்னால் கட்டியது, ஆனால் பிள்ளை அதிலிருந்து எடுத்துக்கொண்டது தெளிவாக இருக்கிறது: உண்மை சொன்னால் இந்த வீட்டில் எனக்கு என்ன நடக்கும்?

கடைசியாக, கேள்விகள். மூன்று, நாலு வயதுப் பிள்ளை விடாமல் கேட்டுக்கொண்டே இருக்கும். 2009ல் வந்த ஓர் ஆய்வில், ஏன், எப்படி என்று கேட்கும் பிள்ளைக்கு உருப்படியான விளக்கம் கிடைத்தால் அது தலையாட்டும் அல்லது அடுத்த கேள்விக்குப் போகும், மழுப்பலான பதில் கிடைத்தால் அதே கேள்வியைத் திரும்பக் கேட்கும் அல்லது தானே ஒரு விளக்கத்தை உண்டாக்கிக்கொள்ளும் என்று கண்டார்கள். நச்சரிக்கிறது என்று நாம் நினைப்பது பல நேரம் இதுதான், பதில் சரியில்லை என்று அது சொல்கிறது. 2018ல் 4 முதல் 6 வயதுப் பிள்ளைகளை வைத்து நடந்த இன்னொரு ஆய்வில், பெரியவர்கள் எத்தனை வார்த்தை பேசினார்கள் என்பதைவிட, பிள்ளையும் பெரியவரும் எத்தனை தடவை மாறி மாறிப் பேசினார்கள் என்பதுதான் மூளையின் மொழிப் பகுதி வேலை செய்வதோடு தொடர்புடையதாக இருந்தது. காசு செலவில்லாத பயிற்சி, ஆனால் காது வேண்டும்.

தெரியாத கேள்விக்கு முன்பெல்லாம் நான் "அது நீ பெரியவனானா புரியும்" என்று சொல்வேன். அதுவும் ஒரு பொய்தான், பெரியவளான எனக்கே புரியவில்லையே. இப்போது என் வகுப்பில் ஒரு நோட்டு இருக்கிறது. எனக்குப் பதில் தெரியாத கேள்வியைக் கேட்ட பிள்ளை தன் கையாலேயே அதில் எழுத வேண்டும், எழுத வராதவர்களுக்கு நான் எழுதித் தருவேன், வெள்ளிக்கிழமை பதில் சொல்வேன். வெள்ளிக்கிழமை என்றால் வெள்ளிக்கிழமை. எறும்புக்கு மூக்கு எங்கே என்று ஒரு பையன் கேட்டான், அது தலையில் இருக்கிற உணர்கொம்பால் மோப்பம் பிடிக்கிறது என்று தேடிப்பிடித்துச் சொன்னேன். மீன் கண்ணைத் திறந்துகொண்டே தூங்குமா என்று ஒரு பெண், பெரும்பாலான மீன்களுக்கு இமையே இல்லை என்று தெரிந்துகொண்டு இருவருமே ஆச்சரியப்பட்டோம். பதில் கிடைக்காத வாரம் "இன்னும் கிடைக்கலை, தேடறேன்" என்று சொல்வேன், அதற்கு யாரும் கோபித்துக்கொண்டதில்லை.

உங்களிடம் நான் கேட்பது இதுதான். குழந்தை வளர்ப்புப் பகுதியில் பிள்ளையை மாற்றுவதற்கான வழிகளோடு, பெரியவர்கள் பிள்ளைகளிடம் சொல்லும் பொய்களைப் பற்றியும் எழுதச் சொல்லுங்கள். வாரத்துக்குக் கால் பக்கமாவது பிள்ளைகளின் கேள்விகளுக்கு ஒதுக்குங்கள், விஷயம் தெரிந்தவர்கள் பதில் எழுதட்டும், தெரியாவிட்டால் தெரியாது என்றே எழுதட்டும். கேள்விகள் வேண்டுமென்றால் என் நோட்டைப் பிரதி எடுத்து அனுப்புகிறேன், 60 பக்கம் நிறைந்துவிட்டது. அதில் பதில் சொல்லாமல் நிற்கிற கேள்வி ஒன்று, ஒன்றாம் வகுப்புப் பெண் பென்சிலால் எழுதியது, மூன்று வெள்ளிக்கிழமையாக "தேடறேன்" என்றே சொல்லிக்கொண்டிருக்கிறேன். உங்கள் வாசகர்களில் யாருக்காவது தெரிந்தால் எழுதட்டும், அவளிடம் சொல்கிறேன்: "நேத்து இப்ப எங்க இருக்கு?"

இப்படிக்கு,
ஒரு தொடக்கப்பள்ளி ஆசிரியை